தட்டுக் கணக்கு

ஈரம் துடைத்த சிலேட்டு வெயிலில் காயும்போது ஒரு மணம் எழும்பும். முதல் மழைத்துளி விழுந்த மண்ணின் மணத்தோடு கொஞ்சம் எச்சில் மணமும் கலந்தது போலிருக்கும். மருதமுனையில் கடற்கரையை அண்டியிருந்த எங்கள் பெண்கள் பாடசாலையில், கிடுகு வேய்ந்த நீண்ட மண்டபத்தின் கிழக்கு மூலையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் அந்த மணத்துக்குள் இருந்துதான் கணக்குப் படித்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஒரு பக்கம் கடல் இரைச்சல், மறுபக்கம் தெருவெல்லாம் தறிச் சத்தம், இரண்டுக்கும் நடுவே எங்கள் வாய்ப்பாடு.

கணக்குக் கற்பித்தவர் நல்லம்மா டீச்சர். பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து கறுப்புக் குடையைப் பிடித்தபடி ஒவ்வொரு நாளும் நடந்தே வருவார். அவர் பிரம்பைத் தொட்டதில்லை. கரும்பலகையில் கணக்கை எழுதுவார். நாங்கள் செய்து முடித்ததும் "தூக்குங்க" என்பார். எல்லோரும் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். விடை பிழைத்தவள் பாடம் முடியும்வரை எழும்பி நிற்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை, ஆனால் அடியைவிட அது எவ்வளவு வலிக்கும் என்பது நின்றவளுக்குத்தான் தெரியும்.

அதிகம் நின்றவள் என் பக்கத்தில் இருந்த சபுறா. முந்திய ஆண்டுதான் அவளுடைய வாப்பா இறந்து போயிருந்தார். உம்மா வேறு வீடுகளில் கூலிக்கு நெய்யப் போவார். அதனால் கிழமையில் இரண்டு நாள், தவழ்கிற தம்பியைப் பார்த்துக்கொள்ள சபுறா வீட்டில் நிற்பாள். அந்த இரண்டு நாளில் நாங்கள் படித்தது அவளுக்குக் கிடைக்காமலே போய்விடும். ஒருநாள் தொடர்ந்து மூன்று கணக்குக்கும் நின்றாள். கண்ணைத் துடைக்கக் கையெடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று துடைக்காமலே நின்றாள். மறுநாள் நான், பாடத்துக்கு முன்பே அவளிடம் சொல்லி வைத்தபடி, என் விடையைச் சிலேட்டுக் குச்சியால் நாங்கள் இருந்த வாங்குப் பலகையின் ஓரத்தில் மெதுவாகத் தட்டினேன். நாலு தட்டு, ஓர் இழுப்பு, பிறகு ஏழு தட்டு. சபுறா நாற்பத்தேழு என்று எழுதினாள். அன்றைக்கு அவள் நிற்கவில்லை.

பத்து நாளில் எங்கள் வாங்கு முழுவதும் என் தட்டுக்குக் காது கொடுத்தது. ஒரு மாதத்தில் வகுப்பு முழுவதும். அதற்கு "தட்டுக் கணக்கு" என்று பெயரும் வைத்தாயிற்று. சைபரைத் தட்ட முடியாது அல்லவா, அதற்கு ஓர் இருமல் என்று நானே விதித்தேன். விடைகள் நூறு, ஆயிரம் என்று வளரத் தொடங்கிய நாள்களில் நான் இருமிய இருமலைக் கேட்டு நல்லம்மா டீச்சர் பயந்து போனார். "நெஞ்சில சளி கட்டியிருக்குப் போல. கொத்தமல்லி அவிச்சுத் தரச் சொல்லு உம்மாவ" என்று சொன்னதோடு நில்லாமல், மறுநாள் தன் வீட்டிலிருந்தே ஒரு போத்தலில் கொத்தமல்லிக் குடிநீர் கொண்டு வந்து என்னைத் தனியே கூப்பிட்டுத் தந்தார். நான் அதைக் குடித்துவிட்டுப் போய் அடுத்த சைபருக்கு இருமினேன்.

என் பெருமையையும் மறைக்கக் கூடாது. சபுறாவுக்கு இரங்கித்தான் தொடங்கினேன். ஆனால் "தூக்குங்க" என்றதும் இருபத்து மூன்று சிலேட்டிலும் என் விடை எழும்புவதைப் பார்க்கும்போது, இந்த வகுப்பே என் கைக்குள் இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வரும். டீச்சருக்கும் சந்தோஷம். தலைமை ஆசிரியரிடம் போய், இத்தனை வருடத்தில் இப்படியொரு வகுப்பைத் தான் கண்டதில்லை என்று சொல்லியிருந்தார்.

அதனால்தான், மட்டக்களப்பிலிருந்து பாடசாலை மேற்பார்வை அதிகாரியான வித்தியாதரிசி சோதிக்க வந்த நாளில், ஐந்தாம் வகுப்பைக் கணக்கிலேயே முதலில் சோதியுங்கள் என்று டீச்சர் தாமாகவே கேட்டுக்கொண்டார். வெயில் கொளுத்திய காலம். மண்டபத்துக்குள் காற்றில்லை என்று வித்தியாதரிசி எங்களை வெளியே பூவரச மரங்களின் கீழே மணலில் இருத்தினார். ஒருத்திக்கும் மற்றவளுக்கும் இடையே, இரண்டு ஆள் கைவிரித்து நிற்கும் நீளத்துக்கு, இரண்டு பாகம் இடைவெளி. பத்துக் கணக்குகளை ஒவ்வொன்றாக வாயால் சொன்னார். மணலில் தட்டினால் என்ன கேட்கும்? முதற் கணக்கில் ஒரு சைபர் வந்தது, பழக்கத்தில் இருமினேன். இருபத்திரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. மற்ற இலக்கங்கள் வரவேயில்லை.

நாலு பேர்தான் சித்தியடைந்தோம். நான் பத்துக்குப் பத்து. வித்தியாதரிசி என்னை முன்னால் கூப்பிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துப் பரிசாகத் தந்தார். அதைவிடப் பாரமான ஒரு பொருளை நான் பிறகு தூக்கியதில்லை. சபுறா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லம்மா டீச்சர் மரத்தில் சாய்ந்து நின்றார். குடை கையிலிருந்தும் விரிக்கவில்லை, வெயில் நேரே முகத்தில் அடித்தது.

பாடசாலையின் லொக் புத்தகம் என்னும் குறிப்பேட்டில் வித்தியாதரிசி எழுதிவிட்டுப் போனது அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் கணிதம் கற்பிக்கப்படவே இல்லை என்று எழுதியிருந்தார். மூன்று மாதத்தில் திரும்ப வருவாராம். அப்போதும் இப்படியே இருந்தால் பத்தொன்பது பேரும் அதே வகுப்பில் நிற்க வேண்டுமாம். அந்தக் காலத்தில் பதினொரு வயதுப் பெண்பிள்ளை வகுப்பில் நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "படிச்சது போதும்" என்று அவளை வீட்டோடு வைத்துவிடுவார்கள். ஆறாம் வகுப்பு அவளுக்கு இனி இல்லை.

பிறகு பழி ஊரைச் சுற்றத் தொடங்கியது. டீச்சர் வகுப்பில் என்ன செய்கிறார் என்று பெற்றோர் கேட்டார்கள். பிள்ளைகளை வீட்டில் மறித்து நூல் சுற்ற வைப்பது யார் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அதில் பொய்யில்லை, தறிக்கு வேண்டிய நூலைச் சிறு கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற "தார்" வேலை எங்கள் ஊரில் பிள்ளைகளுடையது. பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த ஆதம்பாவா மரைக்காரின் மகளும் சோதனையில் தவறியவர்களில் ஒருத்தி. அவர்தான் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினார். வெளியூர் டீச்சருக்கு நம்முடைய பிள்ளைகள்மீது அக்கறையில்லை, அவரை மாற்றித் தர வேண்டும் என்பது அதன் சாரம். என் வாப்பாவும் அதில் கையெழுத்து வைத்தார்.

"நம்மட புள்ளதான் பாஸ் பண்ணிட்டாளே, நீங்க ஏன் வெச்சீங்க?" என்று உம்மா கேட்டார்.

"ஊரே கையெழுத்து வைக்கக்குள்ள நான் மட்டும் எப்பிடி வைக்காம நிக்கிற?" என்றார் வாப்பா.

நான் அந்தக் கிழமை முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சர் வகுப்புக்கு வந்தார், கற்பித்தார், ஆனால் "தூக்குங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் வாங்குகளில் இருந்தார்கள்; பின்பக்கம், தறியிலிருந்து இறக்கிய சாறன் துணிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டி, அதற்குள் பெண்களும் பிள்ளைகளும். நல்லம்மா டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் தனியே நின்றார். மரைக்கார் பெட்டிசத்தை வாசித்தார். டீச்சரிடம், சொல்வதற்கு ஏதும் உண்டா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். தான் ஒரு நாளும் கற்பிக்காமல் இருந்ததில்லை, ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை, இரண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று தனக்கு விளங்கவில்லை என்று டீச்சர் சொன்னார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. உம்மாவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன்; தட்டு, இழுப்பு, இருமல் எல்லாவற்றையும்.

உம்மா என்னை ஏசவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "இத எனக்கிட்டச் சொல்லி என்ன மனே? அங்க போய்ச் சொல்லு" என்று மறைப்புத் துணியை ஒரு கையால் விலக்கிப் பிடித்தார்.

மண்டபத்தின் நடுவால் நான் நடந்த அந்த இருபது அடியும் இன்றைக்கும் என் காலில் இருக்கிறது. வாப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். "டீச்சர் படிப்பிச்ச. நாங்கதான் படிக்கல்ல. நான் எல்லாருக்கும் விடையத் தட்டிக் குடுத்தன்" என்றேன். மரைக்காருக்கு நம்பிக்கையில்லை. டீச்சரைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறாள் என்றார். தலைமை ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பெருக்கலை எழுதி, என் கையில் ஒரு சோக்குத் துண்டைத் தந்து, தட்டு என்றார். நான் வாங்கின் ஓரத்தில் மூன்று முறை தட்டினேன், இழுத்தேன், இருமினேன், இழுத்தேன், ஆறு முறை தட்டினேன். மறைப்புக்குப் பின்னாலிருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே குரலில், "முன்னூத்தி ஆறு" என்றார்கள். அங்கிருந்து அவர்களுக்குப் பலகையும் தெரியாது, கணக்கும் தெரியாது.

"அப்ப அந்த இருமல்?" என்று நல்லம்மா டீச்சர் மெல்லக் கேட்டார்.

"அது சைபர், டீச்சர்."

அவர் சிரித்துவிட்டார். அந்தக் கிழமையெல்லாம் அடக்கியிருந்த கண்ணீரும் அந்தச் சிரிப்போடு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மரைக்காரைப் பார்த்துச் சொன்னார்: "பிழை இந்தப் பிள்ளையில இல்ல. இருவத்தி மூண்டு சிலேட்டும் ஒரு நாளும் பிழைக்காம வருமா? எனக்கு அது விருப்பமா இருந்திச்சு. அதால நான் கிட்டப் போய்ப் பாக்கல்ல. அது என்ட பிழை."

யாருடைய பிழை என்று கேட்கக் கூடிய கூட்டத்தில், என் பிழை என்று ஒருவர் சொல்வார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அப்போது மறைப்புக்குள்ளிருந்து என் உம்மாவின் குரல் கேட்டது. ஆண்கள் கூடிய இடத்தில் உம்மா கதைத்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்கும் ஒண்டு சொல்ல இருக்கு. என்ட புள்ள எத்தினை எடுத்தா எண்டுதான் நான் ஒவ்வொரு நாளும் கேட்ட. பக்கத்தில இருக்கிற புள்ளைக்கு விளங்கிச்சா எண்டு ஒரு நாளும் கேக்கல்ல."

அதற்குப் பிறகு சபுறாவின் உம்மா, கிழமையில் இரண்டு நாள் மகளை மறித்தது தான்தான் என்றார். இன்னொரு தாய், தார் சுற்றப் பிந்துகிறது என்று மகளின் சிலேட்டை வாங்கி வைத்ததைச் சொன்னார். கடைசியில் ஆதம்பாவா மரைக்கார், கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தபடி, தன்னுடைய மகள் எத்தனையாம் வகுப்பு என்பதே வித்தியாதரிசி வந்து போன பிறகுதான் தனக்குத் தெரியும் என்று சொன்னார். பெட்டிசத்தை நாலாக மடித்து இடுப்பு வாருக்குள் செருகினார். "டீச்சர், இனி என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்க" என்றார்.

டீச்சர் கேட்டது கொஞ்சம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளையும் ஒரு நாளும் வராமல் நிற்கக் கூடாது. எனக்கு மட்டும் தனியாக ஒரு கட்டளை: "நீ இனி ஒருத்தருக்கும் விடை சொல்லப்படாது. கேள்வி மட்டும் கேக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை எங்கள் தெருவில் முன்பு காணாத காட்சியைக் கண்டோம். வாப்பாமார் வாசலில் சப்பணம் கட்டியிருந்து தார் சுற்றினார்கள். என் வாப்பா சுற்றிய நூல் தறியில் அடிக்கடி அறுந்தது; உம்மா முடிச்சுப் போட்டுக்கொண்டு நெய்தார். மரைக்கார் காலையில் ஒரு சுற்று வந்து, எந்த வீட்டிலாவது பிள்ளை நிற்கிறதா என்று வேலிப் படலையில் நின்று கேட்டார். சபுறாவின் தம்பியைப் பார்க்க ஆளில்லை. அவனையும் கொண்டு வா என்றார் டீச்சர். மண்டபத்தின் கடைசித் தூணிலிருந்து கூரை வளைக்கு ஒரு சேலையைக் கட்டித் தொட்டிலாக ஏணை போட்டார்கள். நாங்கள் வாய்ப்பாடு சொல்ல அவன் உறங்கினான். நாங்கள் நிறுத்தினால் விழித்தான்.

சபுறாவோடு நான் பட்ட பாடு சின்னதில்லை. விடை என் நாக்கின் நுனியில் நிற்கும். அதை விழுங்கிவிட்டுக் கேள்வி தேட வேண்டும். கேள்வி கேட்பது விடை சொல்வதைவிடக் கடினம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் பிரிக்கும் கணக்கு. சபுறா பன்னிரண்டு என்று எழுதினாள். அழித்து மீண்டும் செய்தாள், மீண்டும் பன்னிரண்டு. நடுவில் வர வேண்டிய சைபர் அவளுக்கு வரவில்லை. எப்படி வரும்? இத்தனை நாளும் அவளுக்குச் சைபர் என்றால் என்னுடைய இருமல்தான். அது ஏன் அங்கே வருகிறது என்று அவளுக்கு நான் சொன்னதேயில்லை.

"அறுநூறு கொட்டைப்பாக்க ஆறு பேருக்குப் பிரிச்சா ஒராளுக்கு எத்தின?" என்று கேட்டேன்.

"நூறு."

"அப்ப அறுநூத்திப் பன்ரெண்டப் பிரிக்கக்குள்ள ஏன்கா பன்ரெண்டோட நிக்கிது?"

சபுறா சிலேட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு சைபரைச் சின்னதாக, நெருக்கி எழுதினாள். எழுதிவிட்டு, இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்து, நூற்றிரண்டு என்று சிலேட்டு நிறையப் பெரிதாக எழுதி, யாரும் கேட்காமலே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். நல்லம்மா டீச்சர் வகுப்பின் மறுமுனையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் நடந்து வந்தார். சபுறாவின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

மாரி தொடங்கிய கிழமையில் வித்தியாதரிசி திரும்ப வந்தார். மணலெல்லாம் தண்ணீர், அதனால் மண்டபம் முழுவதையும் எங்களுக்குக் காலியாக்கித் தந்து, மூலைக்கு மூலை தூரமாக இருத்தினார்கள். கிடுகுக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் வித்தியாதரிசி ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நான் குனிந்து செய்தேன். ஆனால் ஏழாவது கணக்கு பிரித்தல், விடையின் நடுவில் சைபர் வரும் கணக்கு. என் தலை தானாக எழும்பிச் சபுறாவைத் தேடியது. அவள் என் பக்கம் பார்க்கவேயில்லை. எழுதி முடித்துவிட்டுக் கூரை ஒழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் எட்டாவது கணக்கின் பாதியை நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வெளியே கூரை இறவாணத்தின் கீழே உம்மாமாரும் வாப்பாமாரும் ஓலைக் குடையும் சாக்குமாக நின்றார்கள். மரைக்கார் தொப்பி நனைய நின்றார். தலைமை ஆசிரியர் தாளைக் கொண்டு வந்து வாசித்தார்: இருபத்து மூன்று பேரில் இருபத்தொரு பேர் சித்தி. மற்ற இருவரும் ஒரேயொரு கணக்கால் தவறியவர்கள். அவர்களையும் ஆறாம் வகுப்புக்கு ஏற்றலாம் என்று வித்தியாதரிசி எழுதியிருந்தார். சபுறா பத்துக்குப் பத்து. நான் ஒன்பது. போன முறை பத்து எடுத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று வித்தியாதரிசி என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சிரித்தேன். வாப்பாவும் சிரித்தார். அந்த ஒன்பதைப் போல ஒரு மதிப்பெண்ணை நான் அதன் பிறகு எந்தப் பரீட்சையிலும் எடுக்கவில்லை.

இந்த மாற்றத்துக்குப் பொறுப்பானவர் பெயரைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று வித்தியாதரிசி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். தலைமை ஆசிரியர் நல்லம்மா டீச்சரைக் காட்டினார். டீச்சர், தான் மூன்று மாதத்துக்கு முன்பும் இதையேதான் கற்பித்ததாகவும், வெளியே நனைந்துகொண்டு நிற்பவர்களைக் கேட்கும்படியும் சொன்னார். மரைக்கார், பொம்பிளைகளைக் கேளுங்கள் என்றார். கடைசியில் வித்தியாதரிசி என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பாடசாலை முற்றத்தில் அடுப்பு மூட்ட முடியாமல் மண்டபத்துக்குள்ளேயே பெரிய சட்டியில் பாற்சோறு காய்ச்சினார்கள். பின்நேரம் நல்லம்மா டீச்சர் புறப்பட்டபோது, யாரும் சொல்லாமலே நாங்கள் இருபத்து மூன்று பேரும் அவருக்குப் பின்னால் நடந்தோம். எங்களுக்குப் பின்னால் எங்கள் உம்மாமார், அதற்கும் பின்னால் வாப்பாமார். மழையில் தெரு நீளத்துக்கும் வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டு பாண்டிருப்பு எல்லைவரை போனோம். அங்கே அந்த ஊரவர்கள் படலைகளுக்கு வெளியே வந்து, என்ன ஊர்வலம் என்று கேட்டார்கள். "எங்கட டீச்சரக் கொண்டுவந்து விடுறம்" என்றார் மரைக்கார்.

அந்த மண்டபம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தையும் சுனாமியாகக் கடல் பொங்கி வந்த நாளில் கடலே எடுத்துக்கொண்டது. மரைக்காரும், டீச்சரும், உம்மாவும் வாப்பாவும் மண்ணுக்குள் போய் வெகு காலம். சபுறாவைப் பதின்மூன்று வயதில் வீட்டோடு வைத்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனாலும் தன் இரண்டு மகள்மாரையும் அவள் ஒரு நாளும் மறித்ததில்லை; மூத்தவள் கணித ஆசிரியையாக இருந்துதான் ஓய்வு பெற்றாள். நானும் முப்பது வருடம் கற்பித்தேன். இப்போது பரீட்சை முடிவு கைப்பேசியில் வருகிறது. கூடுதலாகப் புள்ளி எடுத்த ஒரு பிள்ளையின் படத்தைப் பெரிதாக அடித்துத் தெருவில் கட்டுகிறார்கள். அதற்குக் கீழே நன்றி சொல்லப் பலருடைய பெயர்கள் வருகின்றன. முடிவு குறைந்த ஆண்டில் மட்டும் ஒரு பெயரும் கிடைப்பதில்லை.

சென்ற மாதம் இங்கே ஊரில் ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மறைப்பில்லை, பெண்கள் முன் வரிசையில் இருந்து கதைத்தார்கள். ஆசிரியர்கள் பெற்றோரைச் சொன்னார்கள், பெற்றோர் ஆசிரியர்களைச் சொன்னார்கள், இரண்டு பேரும் சேர்ந்து கைப்பேசியைச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் ஒருவராவது "என்ட பிழை" என்று சொல்வாரா என்று காத்திருந்தேன். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். இங்கே இருக்கிற தாய்மாரில் பாதிப் பேருக்கு நான்தான் கணக்குப் படிப்பித்தேன், அவர்களுக்கு விளங்காததை அவர்கள் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவார்கள், அதனால் இதில் என்னுடைய பங்கும் இருக்கிறது என்றேன்.

சொல்லிவிட்டு இருந்தேன். பிறகு பின்வரிசையில், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஓர் இளம் தாய் எழும்பி, "எனக்கும் ஒண்டு சொல்ல இருக்கு, டீச்சர்" என்றாள்.